ஆப்பிரிக்க இசைக் கருவூலமும் கடாரத்துத் தோட்டப் பாடல்களும்

ஓர் இனத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டைத் தேடுவர், செப்பேட்டைத் தேடுவர், ஓலையையும் பழங்காசையும் தேடுவர். அவற்றுள் பெரும்பாலும் பேசப்படுவோர் அரசரும் வணிகரும் அறங்காவலருமே. உழைத்து வாழ்ந்த எளிய மக்கள் கல்லில் எழுதி வைத்தவர் அல்லர். அவர்கள் தம் இன்பத்தையும் துன்பத்தையும் பாட்டில் வைத்துப் பாடினர். பாட்டோ பாடுவோர் குரலில் வாழ்வது. குரல் ஓய்ந்தால் தானும் ஓய்ந்துவிடுவது.

இவ்வுண்மைக்குக் கெடா மாநிலம் நல்லதோர் எடுத்துக்காட்டு. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழன் கடாரத்தின்மீது படையெடுத்த செய்தியை அவனுடைய மெய்க்கீர்த்தி இன்றும் சொல்கிறது. குனோங் ஜெராய் மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் இன்றும் காணக் கிடக்கின்றன. அதே மலையின் நிழலில், ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின், கித்தா மரம் சீவ வந்த தமிழர் பாடிய தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் எந்தக் கல்லிலும் இல்லை. அவற்றை அறிந்த முதியோர் சிலர் சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் பேரப்பிள்ளைகளின் வீடுகளில் வாழ்கின்றனர். அவர்கள் நெஞ்சே அப்பாடல்களின் ஏடு.

இன்று கெடாவில் ஒரு தமிழ்ப்பள்ளி மாணவன் கைப்பேசியை எடுத்தால், 1950இல் கென்யா நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இளம்பெண்கள் பாடிய பாட்டை இணையத்தின் வழியே கேட்டுவிடலாம். பாடியவர் எந்த மக்களைச் சார்ந்தவர், உடன் ஒலித்த கருவி யாது, பதிவு செய்தவர் யார் என்பனவற்றையும் அறிந்துகொள்ளலாம். ஆனால், அதே 1950இல் அம்மாணவனின் கொள்ளுப்பாட்டி தோட்டத்து லயத்தில் தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடிய பாட்டை அவ்வாறு கேட்க முடியுமா? ஆப்பிரிக்காவின் சிற்றூர்ப் பாட்டு கடல் கடந்து வந்துவிட்டது; அடுத்த அறையில் இருக்கும் பாட்டு வந்து சேரவில்லை. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

குரலைப் பிடித்துவைத்த கருவி

1877இல் அமெரிக்கரான எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் உலகில் எழுந்த இசை முழுவதும் காற்றோடு போயிற்று. அதன்பின் எழுந்த இசையில் ஒரு சிறு பகுதியேனும் மெழுகு உருளைகளில் தங்கத் தொடங்கியது. 1900இல் செர்மனியின் பெர்லின் நகரில் கார்ல் ஸ்டும்ஃப் என்னும் பேராசிரியர், அங்கு வந்திருந்த சயாம் நாட்டு இசைக்குழுவின் இசையை மெழுகு உருளைகளில் பதிந்தார். பெர்லின் ஒலிக்காப்பகத்தின் தொடக்கம் அதுவே. அந்நாளில் கெடா சயாமின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்தது. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரே ஆங்கிலேயர் வசமாயிற்று.

ஆப்பிரிக்காவுக்குச் சென்ற ஆய்வாளரும் சமயத் தொண்டரும் குடியேற்ற அலுவலரும் பதிந்து அனுப்பிய உருளைகள் பெர்லினில் வந்து குவிந்தன. அக்காப்பகத்தை வளர்த்தவர் ஹொர்ன்போஸ்டல் என்னும் அறிஞர். அவரும் குர்ட் சாக்ஸ் என்பவரும் 1914இல் உலக இசைக்கருவிகளை நான்கு வகையாகப் பகுத்தனர். கருவியின் உடலே அதிர்ந்து ஒலிப்பது, தோல் அதிர்வது, நரம்பு அதிர்வது, காற்று அதிர்வது என்பன அவை. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்னும் பகுப்பை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது புதியதன்று. கருவியின் பெயரைக் கொண்டு பிரிக்காமல் ஒலி பிறக்கும் முறையைக் கொண்டு பிரிக்கும் நெறி இரண்டுக்கும் பொது. பெர்லின் காப்பகத்தின் பழைய உருளைகள் 1999இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. காற்றோடு போகவிருந்த ஒலி உலகத்தின் சொத்தாயிற்று.

புகையிலைத் தோட்டத்தில் தொடங்கிய பணி

ஆப்பிரிக்க இசையை மிகப் பேரளவில் பதிந்தவர் ஹியூ டிரேசி என்னும் ஆங்கிலேயர். 1903இல் பிறந்த அவர், 1920களின் தொடக்கத்தில் இன்றைய சிம்பாப்வே நாட்டிற்குத் தம் தமையனாரோடு புகையிலை பயிரிடச் சென்றார். இசை ஆய்வு அவர் நோக்கமாக இருக்கவில்லை. வயலில் உடன் உழைத்த கராங்கா மக்களின் மொழியைக் கற்றார். அவர்கள் வேலை செய்துகொண்டே பாடிய பாடல்களில் மனத்தைப் பறிகொடுத்தார். 1929இல் ஜோகானஸ்பர்க் நகருக்கு இலண்டனிலிருந்து ஒலிப்பதிவுக் குழு ஒன்று வந்திருப்பதை அறிந்து, பதினான்கு இளைஞரை ஏறத்தாழ 500 மைல் தொலைவு அழைத்துச் சென்று பாடச் செய்தார்.

அன்று தொடங்கிய பணி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. நடு ஆப்பிரிக்காவிலும் கிழக்கிலும் தெற்கிலும் ஊர் ஊராகச் சென்று அவர் பதிந்தார். 1954இல் அனைத்துலக ஆப்பிரிக்க இசை நூலகத்தை நிறுவினார். ‘ஆப்பிரிக்காவின் ஒலி’ என்ற வரிசையில் மட்டும் 210 இசைத்தட்டுகள் வெளிவந்தன. 1977இல் அவர் மறைந்தார். மறு ஆண்டில் அந்நூலகம் தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்திற்கு மாறியது. அவருடைய பதிவுகள் பின்னர் எண்மமாக்கப்பட்டு இணையத்தின் வழியாகவும் கேட்கக் கிடைக்கலாயின.

டிரேசி ஒரு தோட்டக்காரர் என்பது கருதத்தக்கது. மலாயாவிலும் ஐரோப்பியத் துரைமார் பலர் இருந்தனர். கிராணிமார் இருந்தனர்; தமிழ் கற்பித்த ஆசிரியர்களும் இருந்தனர். பாட்டும் இருந்தது. பாட்டைப் பதிந்து வைக்க வேண்டிய பொருள் என்று கருதும் பார்வைதான் அரிதாக இருந்தது. கூலியாள் பாடும் பாட்டில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் துரைக்கு இருந்தால் வியப்பில்லை. கற்ற தமிழருள்ளும் அது இருந்தது என்பதே வருந்தத்தக்கது.

சுரங்கக் கொட்டடியும் தோட்ட லயமும்

டிரேசியின் நூல்களுள் இரண்டு மலேசியத் தமிழர்க்கு மிக நெருக்கமானவை. ஒன்று, 1952இல் வெளிவந்தது. ஜோகானஸ்பர்க் வட்டாரத்துத் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர் ஆடிய ஆடல்களைப் பற்றியது. பல நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் அழைத்துவரப்பட்ட இளைஞர் அங்கே கொட்டடிகளில் அடைபட்டு வாழ்ந்தனர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர் ஊர் ஆடலை அவரவர் ஆடினர். ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர் அந்த ஆடலில் இருந்தது.

மற்றொன்று, 1948இல் வெளிவந்தது. மொசாம்பிக் நாட்டுச் சோப்பி மக்களின் இசையைப் பற்றியது. திம்பிலா என்பது அவர்கள் கருவி. மரப்பலகைகளை வரிசையாகக் கட்டி, அடியில் குடுக்கைகளைப் பொருத்திக் கோலால் தட்டுவர். பலர் கூடி இசைக்கும் அப்பெருங்குழு இசைக்கு உரிய பாடல்கள் வெறும் பொழுதுபோக்கல்ல. வரிக்கொடுமை, தலைவர்களின் முறைகேடு, வேலைக்குப் பிடித்துச் செல்லும் துன்பம் ஆகியவற்றை அவை எடுத்துக் கூறின. நேரில் சொல்ல அஞ்சுவதைப் பாட்டில் சொல்லலாம் என்பது அவர்கள் கண்ட வழி.

இதே காலத்தில் கெடாவில் நிகழ்ந்தது என்ன? 1910ஆம் ஆண்டை ஒட்டிய இரப்பர் விலையேற்றத்தால் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. கங்காணிமார் தமிழகத்து ஊர்களிலிருந்து உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர் பினாங்கில் இறங்கினர். ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்தனர். அக்கரை கடந்து கெடாவின் தோட்டங்களை அடைந்தனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிப்பெயர்ச்சியைத் தடை செய்யும்வரை இவ்வரவு ஏற்ற இறக்கங்களோடு தொடர்ந்தது.

இவ்வாறு வந்தவர் கொண்டுவந்த மூட்டை சிறியது, பாட்டு பெரியது. நாற்று நடும்போது பாடியவர் இங்கே நடவு வயலைக் காணவில்லை. வயல் வேலை பலர் வரிசையாக நின்று செய்யும் வேலை. மரம் சீவுவதோ விடியற்காலையில் ஒருவர் தம் நிரையில் தனியே செய்யும் வேலை. ஆதலால், கூடிப் பாடும் தொழிற்பாட்டு குறைந்து, வீட்டிலும் கோயிலிலும் இழவிலும் பாடும் பாட்டே நிலைத்தது எனக் கருத இடமுண்டு. புல்வெட்டும் கூட்டத்திலும், மாலை நேரத்து லயத்து வாசலிலும், மாரியம்மன் திருவிழாக் கும்மியிலும், காமன் கூத்திலும் பாட்டு தன் இடத்தைத் தேடிக்கொண்டது. கங்காணியின் கெடுபிடியும், கிராணியின் கணக்கும், பெரட்டுக்களத்துச் சங்கொலியும், கள்ளுக்கடையில் அழிந்த கூலியும் அப்பாட்டில் புகுந்தன. சோப்பி மக்களைப் போலவே தோட்டத் தமிழரும் வாய்திறந்து சொல்ல முடியாததைப் பாடிச் சொல்லினர்.

பேசும் முரசும் பறையும்

ஆப்பிரிக்க இசையை இணையத்தில் கேட்கப் புகும் மாணவரை முதலில் ஈர்ப்பது முரசே. நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் துந்துன் என்னும் முரசு உண்டு. இரு புறமும் அகன்று இடை சிறுத்த அதன் வார்களை அக்குளில் இடுக்கி அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். யொரூபா மொழியில் ஒரு சொல்லின் பொருள் அதனை ஒலிக்கும் ஏற்ற இறக்கத்தால் மாறும். அவ்வேற்ற இறக்கத்தை முரசு அப்படியே ஒலிப்பதால் கேட்போர் அதனைப் பேச்சாக உணர்வர். மன்னனின் புகழையும் வருவோரின் பெயரையும் முரசு ‘சொல்லும்’. கானா நாட்டு அக்கான் மக்களின் அத்தும்பன் என்னும் இணைமுரசும் இவ்வாறே பேசுவது.

இடை சிறுத்த முரசு தமிழர்க்கும் உண்டு. உடுக்கையை அறியாத தோட்டத்துக் கோயில் இல்லை. அதன் கயிற்றை அழுத்திச் சுருதியை மாற்றுவதும் துந்துனைப் போன்றதே. ஆயினும், தமிழ் சுருதியால் பொருள் மாறும் மொழியன்று. எனவே உடுக்கை சொற்களைப் பேசுவதில்லை. சாமியை அழைக்கிறது, கதைப்பாட்டை நடத்துகிறது. கருவி ஒத்திருந்தும் மொழி வேறானதால் தொழில் வேறாயிற்று. இத்தகைய ஒப்பீடு இசைக்கல்விக்கும் மொழிக்கல்விக்கும் ஒருசேரப் பயன்படும்.

பறை என்னும் சொல்லே ஈண்டு எண்ணத்தக்கது. பறைதல் என்றால் சொல்லுதல். தொல்காப்பியம் பறையைத் திணைக்குரிய கருப்பொருள்களுள் ஒன்றாக வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி எனப் பிற்கால அகப்பொருள் இலக்கணம் வகுத்துரைக்கும். நிலந்தோறும் ஒரு முரசு வைத்து எண்ணிய இனம், பின்னாளில் அதனை அடிப்பவரைத் தாழ்ந்தவர் என ஒதுக்கியது. பறை இழிவின் அடையாளமாக்கப்பட்டது. தோட்டத்திலும் தப்பு அடிப்பவர் இழவு வீட்டின் வாசலுக்கு வெளியே நின்றார். அவர் அறிந்த அடிகளைக் கேட்டு எழுதியவர் அரியர். தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றும் பக்குவமும், சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி எனப் பிரித்து அடிக்கும் நுட்பமும் குடும்ப வழியாகவே வந்தன. அவ்விழிவைத் துடைக்க விரும்பிய பிள்ளைகள் தப்பைக் கைவிட்டனர். அவர்களைக் குறை கூற இயலாது. இழிவை ஏற்றிய சமுதாயமே ஒரு கலையின் இழப்புக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும்.

இன்று நிலை ஓரளவு மாறியுள்ளது. உறுமி மேளக் குழுக்களில் இளைஞர் ஆர்வத்தோடு சேர்கின்றனர். தைப்பூசத்தில் காவடிகளுக்கு முன் உறுமி முழங்குகிறது. வளைந்த கோலால் தோலை உரசி ஒலியெழுப்பும் அக்கருவிக்கு நிகராக, உரசி ஒலிக்கும் முரசுகள் ஆப்பிரிக்காவிலும் உள்ளன. தம் கருவிக்கு உலகெங்கும் உறவு இருப்பதை இளைஞர் அறிந்தால் அதன் மதிப்பையும் அறிவர்.

ஓர் ஆசிரியர் கேட்ட ஒப்பாரி

வெளியார் வந்து பதிந்தமை ஒரு பாதி வரலாறே. மறுபாதியை எழுதியவர் ஆப்பிரிக்கர். அவருள் தலைசிறந்தவர் கானா நாட்டு குவாபெனா இன்கெட்டியா. 1921இல் மம்பொங் என்னும் ஊரில் பிறந்த அவர், அக்ரொபொங் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். 1944இல் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றார். திரும்பிவந்து தம் மக்களின் பாடல்களையும் முரசு மொழியையும் ஊர் ஊராகத் திரட்டினார். 1974இல் வெளிவந்த ‘ஆப்பிரிக்காவின் இசை’ என்னும் நூல் அவரை உலகறியச் செய்தது. 2019இல் அவர் மறைந்தார். அவர் திரட்டிய ஒலிப்பதிவுகள் கானாப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயர் தாங்கிய காப்பகத்தில் உள்ளன.

அத்தகைய பேரறிஞர் 1955இல் வெளியிட்ட நூல் எதைப் பற்றியது? அக்கான் பெண்கள் இழவு வீட்டில் பாடும் இரங்கற்பாடல்களைப் பற்றியது. அப்பாடல்கள் வெறும் அழுகையல்ல என்று அவர் காட்டினார். இறந்தவரின் முன்னோர் யாவர், குலம் யாது, ஊர் எது, அவர் செய்த நன்மை என்ன என்பவற்றையெல்லாம் பெண்கள் முறைப்படி பாடுகின்றனர். இறந்தவரை விளித்து, போகும் இடத்திலிருந்து தங்களை மறவாதிருக்க வேண்டுகின்றனர். எழுத்தில்லாத ஊரில் குலவரலாறு அந்த அழுகையில் காக்கப்பட்டது.

இதனைப் படிக்கும் தமிழர் ஒவ்வொருவர்க்கும் ஒப்பாரி நினைவுக்கு வரும். தோட்டத்தில் ஒருவர் இறந்தால் பெண்கள் வட்டமாக அமர்ந்து, தோளோடு தோள் அணைத்துப் பாடினர். எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் உழைத்தார், யாரைப் பெற்றார், யாரை விட்டுச் செல்கிறார் என்பன அதில் இருந்தன. பதிவேட்டில் இறந்தவரின் பெயரும் நாளும் மட்டுமே இருக்கும். ஒப்பாரியில் அவர் வாழ்வு இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது இவ்வழுகை பன்மடங்காயிற்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதையை அமைக்கப் பல்லாயிரம் மலாயாத் தமிழரைக் கொண்டுசென்றனர். தெற்கேயிருந்து சென்ற தொடர்வண்டிகள் சுங்கை பட்டாணியையும் அலோர் ஸ்டாரையும் கடந்தே சயாம் எல்லையை அடைந்தன. சென்றவருள் மிகப் பலர் திரும்பவில்லை. இறந்த நாளும் தெரியாது. புதைத்த இடமும் தெரியாது. உடலைக் கண்டு அழும் பேறும் பெறாத தாயரும் மனைவியரும் அழுத அழுகையே அவர்களுக்கு அமைந்த நினைவுச்சின்னம். இன்கெட்டியாவைப் போன்ற ஓர் ஆசிரியர் அன்று ஒரு குறிப்பேட்டோடு தோட்டந்தோறும் நடந்திருந்தால், அப்பெரும் துயரின் வரலாறு அதனை அனுபவித்தவர் சொற்களிலேயே கிடைத்திருக்கும்.

தமிழர் எதுவும் செய்யவில்லை என்று கூறுவது நன்றி மறப்பதாகும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரா. தண்டாயுதம், எழுத்தாளர் முத்தம்மாள் பழனிசாமி ஆகியோர் இந்நாட்டுத் தமிழரின் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கினர். அவர்கள் உழைப்பு போற்றத்தக்கது. எனினும், ஏடு சொல்லைக் காக்கும். இழுத்துப் பாடும் இராகத்தையும் இடையில் எழும் விம்மலையும் அது காக்க இயலாது. அவர்கள் தொடங்கியதை ஒலியாகத் தொடர்வது அடுத்த தலைமுறையின் கடன்.

பாடியவர் பெயர்

பதிவு செய்வதில் ஓர் அறமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா என்னும் பாடகரின் கதை அதனை உணர்த்தும். சூலு இனத்தவரான அவர் 1939இல் ஜோகானஸ்பர்க் நகரில் தம் குழுவோடு ‘ம்பூபே’ என்ற பாடலைப் பதிந்தார். அச்சொல்லுக்குச் சிங்கம் என்பது பொருள். அதற்காக அவர் பெற்றது பத்துச் சில்லிங் என்பர். அமெரிக்கக் குழுக்கள் அம்மெட்டை 1951இலும் 1961இலும் புது வடிவில் பாடின, உலகெங்கும் அது ஒலித்தது, பெரும்பொருள் குவிந்தது. லிண்டாவோ 1962இல் வறுமையில் இறந்தார். அவர் மக்கள் தொடுத்த வழக்கு 2006இல்தான் உடன்பாட்டில் முடிந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. தொடக்கத்தில் சுட்டிய கென்யாப் பாட்டு அதனோடு தொடர்புடையது. கிப்சிகிஸ் மக்களின் ஊருக்கு அமெரிக்கப் பாடகர் ஜிம்மி ரோட்ஜர்ஸின் இசைத்தட்டுகள் வந்தன. காணாத அப்பாடகரைப் பாதி மனிதராகவும் பாதி மானாகவும் கற்பனை செய்து, அவர் பெயரையே ‘செமிரோச்சா’ எனத் தம் நாவிற்கேற்ப மாற்றி இளம்பெண்கள் பாடினர். டிரேசி 1950இல் அதனைப் பதிந்தார். 2010களில் அவர் நிறுவிய நூலகத்தார் கென்யாவின் இசைக் குழுவினரோடு அப்பதிவுகளை எடுத்துச்சென்று அவ்வூர் மக்களிடமே திருப்பி அளித்தனர். எடுத்த பாட்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பியது. காப்பகத்தின் நிறைவு அதுவே.

கலப்பால் பாட்டு கெட்டுவிடும் என்று அஞ்சுவோர்க்கும் இப்பாட்டு விடை சொல்லும். தோட்டப் பாடலில் கித்தா என்ற மலாய் வழிச்சொல் வரும். திரைப்படத்தின் மெட்டும் நுழைந்திருக்கும். தமிழாசிரியர்க்கு அதனைத் திருத்தத் தோன்றும். திருத்தினால் அது தோட்டப் பாடலாக இராது. எந்த மண்ணில் எந்த மக்களோடு தமிழர் வாழ்ந்தனர் என்பதற்கு அச்சொற்களே சான்று. வகுப்பறையில் பிழை எனப்படுவது வரலாற்றில் ஆவணம் ஆகும்.

தமிழ்ப்பள்ளியின் கடமை

1957இல் நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர், அவை துண்டாடப்பட்டன. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கியது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அது தொடக்கத்தில் வாங்கியவற்றுள் ஒன்று. பின்னர் இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது; வீடமைப்புப் பகுதிகள் வந்தன; கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயம் இடிந்தது; பெரட்டுக்களம் மறைந்தது; மக்கள் நகர்ப்புறங்களில் சிதறினர். ஆயினும் ஒன்று எஞ்சியது. தோட்டம் போன பின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கித் தமிழ்ப்பள்ளி நிற்கிறது. சிதறிய குடும்பங்களின் பிள்ளைகள் கூடும் இடம் அதுவே. எனவே, பாட்டைத் திரட்டத்தக்க இடமும் அதுவே.

முதலில் மாணவர் கேட்கப் பழக வேண்டும். அனைத்துலக ஆப்பிரிக்க இசை நூலகத்தின் இணையத்தளத்திலும், 1948இல் தொடங்கி 1987இல் அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனத்தின் வசமான ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் தளத்திலும், ஆலன் லோமாக்ஸ் என்னும் அறிஞரின் பதிவுகளைக் கொண்ட தளத்திலும் ஆப்பிரிக்க இசை கிடைக்கிறது. இருபத்தொரு நரம்புடைய கோரா என்னும் கருவியை மீட்டி மாலிப் பேரரசின் வரலாற்றைப் பாடும் மேற்காப்பிரிக்கப் பாடகரைக் கேட்டபின், யாழிசைத்த பாணரைப் பற்றிய பாடத்தைத் தொடங்கினால் அப்பாடம் உயிர்பெறும். விரல்களால் மீட்டும் ம்பிராவைக் கேட்டபின், அது 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற செய்தியைச் சொன்னால், எளிய மக்களின் கருவியும் உலக மதிப்புப் பெறும் என்பதை மாணவர் உணர்வர்.

அடுத்துச் செய்ய வேண்டியது வீட்டில் உள்ளது. அன்று டிரேசிக்கு வண்டி நிறையக் கருவிகள் வேண்டியிருந்தன. இன்று கைப்பேசி ஒன்றே போதும். பாடுபவரின் ஒப்புதலைப் பெற்று, அவர் பெயர், பிறந்த தோட்டம், யாரிடம் கற்றார், எந்நிகழ்ச்சியில் பாடினார் என்பனவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்து பதிய வேண்டும். ஒப்பாரியை வீட்டில் இருந்து பாடப் பெரியோர் தயங்குவர். அத்தயக்கத்தை மதித்து, அவர் விரும்பும் இடத்திலும் நேரத்திலும் கேட்க வேண்டும். பாடிய சொல்லை மாற்றாமல் எழுதிவைக்க வேண்டும். ஒரு படி பள்ளியிலும், ஒரு படி குடும்பத்திலும், ஒரு படி வேறோர் இடத்திலும் இருத்தல் நலம். 2023 அக்டோபரில் இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கணினி அமைப்பு தாக்கப்பட்டபோது அதன் ஒலிக்காப்பகமும் இணையத்தில் நெடுங்காலம் அடைபட்டது. பெரிய நூலகத்திற்கே நேர்ந்தது சிறிய பள்ளிக்கும் நேரலாம்.

ஆப்பிரிக்காவின் பாட்டு கெடாவுக்கு வந்து சேர்ந்தது அறிவியலின் ஆற்றலால் மட்டுமன்று. புகையிலை வயலில் ஒருவர் நின்று கேட்டார். இழவு வீட்டின் வாசலில் ஓர் ஆசிரியர் அமர்ந்து கேட்டார். கேட்டவர் இருந்ததால் பாட்டு இருந்தது. கெடாவின் தோட்டங்களில் பிறந்து எண்பது அகவையைக் கடந்த மூதாட்டியர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் அறிந்த பாட்டைக் கேட்பதற்கு வகுப்பில் ஒரு மாணவியோ மாணவனோ போதும்; அப்பிள்ளையை அனுப்பி வைக்க ஓர் ஆசிரியர் போதும்.